அட்டைக்கடியும் ரத்த மாத்திரையும்

போடியில் விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு. இருதயத் துடிப்பு தாறுமாறான ஒருவருக்கு எதைச் சொல்லிக்கொடுத்தாலும் அந்த ஜீப்பை மனதில் வைத்துத்தான் சொல்ல வேண்டும். நாள்கூலிக்காரரிடம் “ஓய்வெடுங்கள்” என்று சொல்லி அனுப்புவதால் ஒரு பயனும் இல்லை.

*

“படபடப்பு நின்னுருச்சு, மாத்திரைய விட்டுட்டேன்.” முதலில் மாற்ற வேண்டியது இந்த எண்ணத்தைத்தான். இருதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும்போது அங்கே ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். படபடப்பே தெரியாதவர்களுக்கும் இது நடக்கும். அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஆய்வாளர்கள் 1978-இல் கணக்கிட்டார்கள்: இந்தத் துடிப்புக் கோளாறு இருந்தால் பக்கவாத ஆபத்து ஐந்து மடங்குக்கு மேல், கூடவே வாத இருதய நோயும் இருந்தால் பதினேழு மடங்கு. சிறு வயது மூட்டுவலிக் காய்ச்சலில் வால்வு சுருங்கி இந்த வாத இருதய நோய் வந்தவர்கள் நம் நாட்டில் இன்னும் நிறைய. அதில் பெண்கள் அதிகம், பலர் நாற்பதைத் தாண்டாதவர்கள்.

*

ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை மலைக்காரர்களுக்கு விளக்க அட்டை போதும். மழைக்காலத்தில் ஏலக்காட்டில் அட்டை கடிக்காத கால் ஏது? அது விழுந்த பிறகும் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். அட்டையின் எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத பொருள் இருப்பதை ஜான் ஹேக்ராஃப்ட் 1884-இல் காட்டினார். மாத்திரையின் வேலையும் அந்த மாதிரிதான் என்றால் உடனே தலையாட்டுவார்கள். அடுத்த கேள்வி அவர்களிடமிருந்தே வரும்: “அப்ப எங்கள அட்டை கடிச்சா?” கூடுதல் நேரம் கசியும், சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும், புகையிலைத் தூளை அப்பக் கூடாது. சரிவில் வழுக்கித் தலையில் அடிபட்டால் வெளிக்காயம் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மலம் கருப்பாகப் போனாலும் அப்படியே.

*

உறையாமைக்கான பழைய மாத்திரைகளான வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுபவர்களுக்கு, ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை உண்டு. பெரும்பாலோருக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அதற்கு மலையிறங்கினால் ஒரு நாள் கூலி போகும். பரிசோதனை தவறுவதை அலட்சியம் என்று திட்டுவது எனக்குச் சம்மதமில்லை. பரிசோதனை தேவைப்படாத புதிய மாத்திரைகள் வந்துவிட்டன. ஆனால் வாத இருதய நோயாளிகளுக்கு அவை ஈடாகவில்லை. 24 நாடுகளில் 4,500-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த இன்விக்டஸ் ஆய்வு 2022-இல் வந்தது. பழைய மாத்திரை சாப்பிட்டவர்களிடையே மரணம் குறைவாக இருந்தது. எனவே பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுவதைப் பார்த்து மாற்றிக்கொள்ளக் கூடாது.

*

கீரை. “தொடவே கூடாது” என்று பயமுறுத்த வேண்டாம். முருங்கைக்கீரையில் உள்ள வைட்டமின் கே மாத்திரையின் வேகத்தைக் குறைக்கும், உண்மைதான். வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரே அளவில் சாப்பிட்டால் மாத்திரை அளவை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். பத்து நாள் ஒன்றுமில்லாமல் இருந்து, பிறகு மூன்று நாள் தொடர்ந்து பொரியல் என்றால்தான் சிக்கல்.

கீரையைவிட எனக்குப் பயம் உடம்பு வலி ஊசியும் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும்தான். நாள் முழுக்கக் குனிந்து காய் எடுத்த இடுப்பு வலிக்கத்தான் செய்யும். வலிக்கு எதை எடுக்கலாம் என்பதையும் சொல்லாமல் “எடுக்காதே” என்று மட்டும் சொன்னால் அந்தப் போதனை பாதிதான். பாராசிட்டமால், அதுவும் மருத்துவர் சொன்ன அளவில். வாத இருதய நோய்க்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசி வேறு. அதைத் தானாக நிறுத்தக் கூடாது.

கல்யாணமான பெண்களிடம் இன்னொன்று: நாள் தள்ளிப்போனால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வார்ஃபரின் சிசுவைப் பாதிக்கும். மாமியார் முன்னால் இதைப் பேச முடியாது, தனியாகத்தான்.

*

தோட்டம் கேரளத்தில், வீடு தமிழ்நாட்டில். எந்தப் பக்கம் விழுந்தாலும் மாத்திரைப் பெயரும் கடைசி ஐ.என்.ஆரும் எழுதிய சீட்டு மடியில் இருக்க வேண்டும். ஜீப் ஓட்டுநர்களுக்கும் சொல்லித்தர வேண்டியது உண்டு: வாய் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ சோடா கொடுத்து உட்காரவைக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். ஆள் கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. உறையாமைக்கு மாத்திரை சாப்பிடுபவருக்கு அந்த ஊசி போடலாமா என்பதை முடிவு செய்ய அந்தச் சீட்டும் வேண்டும்.