குழாய்க்குள் இறங்கும் அருவி

அகத்தியர் அருவிக்குப் போகிறவர்கள் விக்கிரமசிங்கபுரத்தில் இறங்குவதில்லை. பஸ் பாபநாசம் கோயில் வாசல் வரை போகும்போது இங்கே என்ன வேலை? நான் இறங்கியதற்குக் காரணம் மில். 1880களில் ஹார்வி சகோதரர்கள் இங்கே நூற்பாலை கட்ட வந்தது மலையழகைப் பார்த்தல்ல. அந்தக் காலத்தில் ஆலை ஓட நிலக்கரி வேண்டும். இங்கே தாமிரபரணி பொதிகையிலிருந்து இறங்கி, பாபநாசத்துக்கு மேலே உயரத்திலிருந்து விழுந்துகொண்டிருந்தது. அந்த வீழ்ச்சியை வைத்தே எந்திரத்தைச் சுற்றவைத்தார்கள். இன்றைக்கு வி.கே.புரம் இத்தனை தெருவும் கடையுமாக இருப்பதற்கு அந்த மில்தான் காரணம்.

நண்பரின் பெரியப்பா பைக்கோடு காத்திருந்தார். மில்லிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "சாப்பிட்டியா தம்பி? மேல ஒண்ணும் கிடைக்காது" என்று முதலில் இட்லிக் கடைக்குத்தான் கூட்டிப் போனார்.

பாபநாசம் தாண்டியதும் வனத்துறைச் சோதனைச் சாவடி. இதற்கு மேல் களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகம். எங்களுக்கு முன்னால் ஒரு வேன். அதிலிருந்த பைகளையெல்லாம் இறக்கிவைத்துத் துழாவினார்கள். சோப்பு, எண்ணெய் பாட்டில், சரம் சரமாக ஷாம்பு பாக்கெட் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் போயின. "குளிக்கத்தானே போறோம், சோப்பு இல்லாம எப்படி?" என்று ஒரு அம்மா கேட்டார். "அருவியே தேய்ச்சு விட்ரும்மா" என்றார் காவலர். வாளி ஏற்கெனவே பாதி நிரம்பியிருந்தது. இந்தக் கெடுபிடி இல்லாவிட்டால் கீழே தூத்துக்குடி வரைக்கும் குடிக்கிறவர்கள் நம் தலைமுடி நுரையைத்தான் குடிக்க வேண்டும்.

வளைந்து ஏறும் சாலையில் பெரியப்பா வண்டியை ஓரங்கட்டி, மலைச்சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்களைக் காட்டினார்.

"அந்தா பாரு. ஆறு அதுக்குள்ளதான் இறங்குது. அருவியில விழுகது மிச்சத் தண்ணி."

மேலே காரையாறு அணை. 143 அடி. அதற்குக் கீழே ஆற்றில் இன்னொரு சிறிய அணை. அங்கிருந்து நீரைத் திருப்பிக் குழாய் வழியாகக் கீழே மின்நிலையத்துக்கு இறக்குகிறார்கள். சென்னை மாகாணத்தில் 1932இல் பைக்காரா, 1937இல் மேட்டூர், அதற்கடுத்து 1944இல் பாபநாசம். நான்கு எந்திரங்கள், இப்போது 32 மெகாவாட். காவிரியின் சிவசமுத்திரம் 1902லேயே இந்த வழிக்குப் போய்விட்டது. அருவி என்று நாம் ரசிப்பது பொறியாளர் கண்ணுக்கு வெறும் உயர வித்தியாசம்தான். குறையாகச் சொல்லவில்லை. குற்றாலத்தில் சீசன் முடிந்தால் பாறையைத்தான் பார்த்துவிட்டு வரவேண்டும். இங்கே சித்திரை வெயிலிலும் தண்ணீர் விழுகிறது என்றால் மேலே அணை தேக்கிவைத்திருப்பதால்தான்.

அருவிக்கு வந்து நின்றால், அந்த மிச்சத் தண்ணீருக்கே நிற்க முடியவில்லை. முதலில் பிடரியில் ஒரு அறை, அப்புறம் தோள் இரண்டும் மரத்துப்போயிற்று. கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கலாம். ஆயிரக்கணக்கான கைகள் பிடித்துப் பிடித்து அந்தக் கம்பி ஒரு சாண் அளவுக்கு மட்டும் வழவழவென்றிருந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு "ஆ... ஆ..." என்று கத்திக்கொண்டேயிருந்தார். வெளியே வந்தால் குரங்கு ஒன்று யாருடைய முறுக்குப் பொட்டலத்தையோ கூரைமேல் வைத்து நிதானமாகப் பிரித்துக்கொண்டிருந்தது.

அருவிக்குப் பக்கவாட்டில் படிகள் ஏறுகின்றன. குளித்தவர்களில் பாதிப் பேர் இந்தப் பக்கம் வருவதில்லை. மேலே கல்யாண தீர்த்தம். கயிலாயத்தில் சிவன் பார்வதி திருமணத்துக்குக் கூட்டம் கூடி வடக்கு தாழ்ந்தபோது, தெற்கைச் சமன் செய்ய வந்த அகத்தியருக்கு இறைவன் மணக்கோலம் காட்டியதாகச் சொல்லும் இடம். சின்னக் கோயில், அகத்தியரும் லோபாமுத்திரையும் இருக்கிறார்கள். அருவிக்கு முந்திய நீர் பாறை இடுக்கில் கரும்பச்சையாகக் கிடக்கிறது. பார்த்தால் தாண்டிவிடலாம் போலத்தான் இருக்கிறது.

வ.வே.சு. ஐயர் போனது இந்த நீரில்தான். லண்டனில் போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவி, மாறுவேடத்தில் 1910இல் புதுச்சேரி வந்து சேர்ந்தவர். திருக்குறளை ஆங்கிலத்தில் தந்தவர். 'குளத்தங்கரை அரசமரம்' எழுதியவர். 1925 ஜூனில் சேரன்மகாதேவி குருகுலத்துப் பிள்ளைகளோடு இங்கே வந்தார். குருகுலத்தில் சிலருக்குத் தனிப்பந்தி போட்ட விவகாரம் தமிழ்நாட்டையே கொதிக்கவைத்திருந்த நேரம் அது. மகள் சுபத்திரை ஓடையைத் தாண்டப் போய்த் தவறி விழ, காப்பாற்றக் குதித்தவரும் திரும்பவில்லை. என்னோடு மேலே நின்ற கல்லூரிப் பையன்கள் நாலு பேரும் பாறை விளிம்பில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். "உள்ள வாங்கடே, வழுக்கும்" என்று பெரியப்பா அதட்டினார். ஒருவன் சிரித்தான், ஆனால் எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். இந்த இடத்தில் ஐயர் கதையை நாலு வரி பெரிய எழுத்தில் எழுதிவைத்தால், 'ஆபத்தான பகுதி' என்ற பலகையைவிட நன்றாக வேலை செய்யும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பாணதீர்த்தம் அருவிக்குப் போக முடியுமா என்று கேட்டேன். முன்பு காரையாறு அணையில் படகேறிப் போவார்கள். "அதெல்லாம் அந்தக் காலம்" என்று வண்டியைக் கீழே திருப்பினார்.

பாபநாசநாதர் கோயிலில் உலகம்மை சன்னிதி முன்னால் பெண்கள் உரலில் மஞ்சள் இடித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுப் படித்துறைக்கு வந்தால் மனசு கெட்டுவிடுகிறது. பரிகாரம் என்று ஆற்றில் அவிழ்த்துவிட்ட வேட்டியும் சேலையும் கல்லுக்குக் கல் சுற்றிக் கிடக்கின்றன. மேலே ஒரு ரூபாய் ஷாம்புக்குப் பையைத் துழாவும் கெடுபிடி இங்கே ஒரு துளியும் காணோம். பாவம் தொலைகிறதோ இல்லையோ, துணி தொலையவில்லை.

கடைசியாகத் தலையணை. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் முதலாவதான கோடைமேலழகியான் இதுதான். எந்திரங்களைச் சுற்றிவிட்டு வந்த நீர் இங்கே மறித்து நின்று, வடக்கும் தெற்குமாகக் கால்வாய்களில் பிரிந்து வயலுக்குப் போகிறது. ஜூனில் கார் சாகுபடிக்கு அணை திறந்தார்கள் என்றால் அதே தண்ணீரில் மின்சாரமும் வந்துவிடும். ஊர்க்காரர்கள் அருவியைவிட இங்கேதான் அதிகம் குளிக்கிறார்களாம். நுழைவுக் கட்டணம் இல்லை, கம்பி இல்லை, வரிசை இல்லை. பெரியப்பா சட்டையைக் கழற்றிக் கொண்டே, "அங்க குளிச்சது மிச்சம் தம்பி, முதல் இங்கதான் இருக்கு. இறங்கு" என்றார்.