பகைக்குப் பகையாகும் பூசணம்

பூசணம் என்ற சொல் செவியிற் பட்டவுடனே முகஞ் சுளித்தல் நம்மவர் வழக்கம். ஊறுகாய்ச் சாடியில் அது விளைக்குங் கேட்டினை அறியாத இல்லமில்லை. அதனையே பயிருக்குக் காவலாக வைக்கலாம் என்பது கேட்டு வியப்போரும் உளர். ஆயினும் அது மெய்யே.

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற்காடு வானம் பார்த்த பூமி. ஐப்பசி கார்த்திகை மழையை நம்பியே ஈண்டு உளுந்தும் பாசியும் பருத்தியும் விதைக்கின்றோம். மழை இடையிற் பொய்த்து மண் சுடுங்கால், அம்மண்ணுள் நெடுநாள் உறங்கிக் கிடந்த மாக்ரோபோமினா என்னும் பூசணம் விழித்தெழுந்து வேரைப் பற்றுகின்றது. செடி மஞ்சளித்து வாடுகின்றது. பிடுங்கிப் பார்ப்பின் வேர்ப்பட்டை நார்நாராய் உரிகின்றது. இதுவே வேரழுகல் நோய். ஆற்றுப்பாசன நாட்டில் மறுவிதைப்புக்கு இடமுண்டு. இங்கோ பருவம் ஒன்று தவறின் ஆண்டே தவறும். விதைக்கு வாங்கிய கடன் மட்டும் தவறாது வளரும்.

இப்பகைக்குப் பகையும் மண்ணிலேயே உண்டு. அது டிரைக்கோடெர்மா என்னும் பசும்பூசணம். இது நோய்ப்பூசணத்தின் இழையைக் கொடிபோற் சுற்றி, அதன் சுவரைக் கரைத்து, உள்ளிருப்பதை உண்கின்றது. இவ்வாறு ஒரு பூசணம் மற்றொன்றை அழித்தலை 1932-ஆம் ஆண்டிலேயே வைண்ட்லிங் என்னும் அறிஞர் எடுத்துக் காட்டினார். விதை கிலோ ஒன்றுக்கு 4 கிராம் வீதம் இதன் பொடியைக் கலந்து விதைத்தலும், ஹெக்டேருக்கு 2.5 கிலோவை 50 கிலோ தொழுவுரத்துடன் கலந்து நிலத்தில் இடுதலும் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரின் பரிந்துரையாம்.

ஆயின் நாம் வற்புறுத்த விழைவது ஒன்றே: இது மாவன்று, உயிர். கடையொன்றில் வெயில் படும் பலகைமீது பல திங்கள் கிடந்த பொட்டலங்களை நாம் கண்டதுண்டு. அவற்றை வாங்கிப் பயன் காணாத உழவர், “எல்லாம் வெறுஞ் சுண்ணாம்பு” என்று வெறுத்துரைத்ததையும் கேட்டோம். குற்றம் பூசணத்தினதன்று, அஃது உறைக்குள்ளேயே இறந்திருக்க வேண்டும். உயிருள்ளதற்கு நிழல் வேண்டும். மண்ணில் ஈரமும் மக்கிய எருவும் வேண்டும். பூசணக்கொல்லி மருந்தோடு ஒருங்கே கலப்பின் நோயோடு காவலனும் மாளும். செடி சாய்ந்தபின் இடுதல், களவு போனபின் கதவடைப்பதாம். விதைக்கும் நாளே இதற்குரிய நாள்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ நண்பர்களே! தந்தையார் விதை கலக்க அமருமுன் அப்பொட்டலத்தின் மேலுள்ள நாளை வாசித்துச் சொல்லுங்கள். நாள் கடந்ததாயின் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். கற்ற கல்வி கரிசலுக்குச் செய்யத்தக்க சிறு கைம்மாறு அது.