விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடி

லால்குடியில் நாம் தங்கியிருந்த பழைய இல்லத்தில், சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடிய விரிசலைத் திருவிழாதோறும் சுண்ணாம்பு பூசி மறைத்துவந்தோம். பார்வையிட வந்த பொறியாளரும் கொத்தனாரும் வாதிட்டனர்: வெறும் பூச்சு விரிசலா, அஸ்திவாரமே அசைகிறதா? வயற்புறக் களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும், சுவர் பிளக்கும்.

கொத்தனார் விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்தால் பதித்து, தேதி எழுதினார். “இது உடைஞ்சா வீடு இன்னும் நகருதுன்னு அர்த்தம், சாமி.”

2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டதை அன்றிரவு எண்ணிப்பார்த்தோம்.

சித்திரை வெயிலில் கண்ணாடி உடைந்தது. அன்றே பிள்ளைகளின் மாலை வகுப்பை வேறிடம் மாற்றினோம். அன்பர்களே, அத்தனை ஆண்டும் அவர்களை அச்சுவரருகே அமர்த்தியவர்கள் நாமே. சுண்ணாம்பின் வெண்மையை நலமென்று நம்பியவர்களும் நாமே.