வெம்ப்ளிக்கு வரும் மருமகளுக்கு

ஹரோ, லண்டன்
யூன் 2024

அன்புள்ள மருமகள் தாரணிக்கு,

மாமிக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைந்திருக்கிறது. அம்மாவுக்கு அனுப்பிய மிளகாய்த்தூள் வந்து சேர்ந்ததா என்று கேட்கச் சொன்னா.

போன கிழமை போனில் நீர் கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை. யூலை 3 ஆம் திகதி வெம்ப்ளியில் ஏசி/டிசி குழுவின் கச்சேரி. ரிக்கெற் வாங்கியாயிற்று. ஆனால் கிடைத்தது மேல் தட்டில், மேடைக்கு நேர் எதிர்ப்பக்கம். "அங்கஸ் யங்கை அங்க இருந்து பார்த்தா முகமே தெரியாது, மிச்சத்தைத் திரையிலதான் பார்க்கவேணும், அதை வீட்டில இருந்தே பார்க்கலாம்தானே, ரிக்கெற்றை வித்துப்போடவா மாமா?" என்றீர். விற்க வேண்டாம். ஏன் என்றுதான் இந்தக் கடிதம்.

எனக்கு இந்தப் பாட்டுகளில் ஆசை பிடித்தது ஊரில் இருக்கும்போதே. இலங்கை வானொலியின் ஆங்கில சேவையில் கேட்டது பாதி. மற்றப் பாதி, எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரு அண்ணையின் தயவு. அவர் கப்பலில் வேலை. லீவில் வரும்போது பெட்டிக்குள் இசைத்தட்டுகள் இருக்கும். பிங்க் ஃபுளொயிட்டின் 'த டார்க் சைட் ஒஃப் த மூன்' தட்டை அவருடைய வீட்டு விறாந்தையில் இருந்துதான் முதன்முதல் கேட்டேன். உறையில் ஒரு முக்கோணக் கண்ணாடி, அதற்குள் வெள்ளை வெளிச்சம் போய் நிறம் நிறமாக மற்றப் பக்கம் வரும். பாடுகிறவர்களின் முகம் அதில் இல்லை. ஆகவே கன காலம் எனக்கு அந்த ஆட்கள் எப்படி இருப்பார்கள் என்றே தெரியாது. குரலும் கிற்றாரும்தான் தெரியும்.

1979 இல் படிக்க என்று இங்கே வந்தேன். அடுத்த வருசம் ஓகஸ்டில் ஏர்ல்ஸ் கோர்ட் மண்டபத்தில் பிங்க் ஃபுளொயிட். அந்த மண்டபம் இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். 'த வோல்' இசைத்தட்டை முழுதாக மேடையில் செய்து காட்டினார்கள். நான் இருந்தது கடைசி வரிசைகளுக்குக் கிட்ட. ஒருவழியாக அவர்களின் முகத்தைப் பார்க்கப் போகிறேன் என்று போனால், அவர்கள் எங்களுக்கும் தங்களுக்கும் நடுவே ஒரு சுவரைக் கட்டத் தொடங்கினார்கள்.

உண்மையாகவே கட்டினார்கள், பிள்ளை. வெள்ளை மட்டையால் செய்த பெரிய பெரிய கல்லுகள். பாட்டு நடந்துகொண்டிருக்க, வேலையாட்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனார்கள். 12 மீற்றர் உயரம், மண்டபத்தின் ஒரு கரையில் இருந்து மற்றக் கரை வரைக்கும். முதலில் கால்கள் மறைந்தன. பிறகு மேளக்காரர் நிக் மேசன் மறைந்தார். ஒவ்வொரு பாட்டு முடியவும் இடைவெளிகள் சிறுத்துக்கொண்டு வந்தன. கடைசியில் ஒரேயொரு கல்லுக்குரிய ஓட்டை. அதற்குள் றொஜர் வோற்றர்ஸின் முகம் மட்டும். பாடி முடித்தார், அந்தக் கல்லையும் வைத்துவிட்டார்கள். இடைவேளை. சனம் எழும்பிப் போகாமல் கொஞ்ச நேரம் அந்த வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

இந்த யோசனை எங்கே பிறந்தது தெரியுமா? 1977 யூலை 6, மொன்றியல் ஒலிம்பிக் ஸ்ரேடியம். ஸ்ரேடியங்களில் பாடிப் பாடி வோற்றர்ஸுக்கு வெறுத்துப்போயிருந்தது. கேட்க வந்தவர்கள் கத்துகிறார்கள், வெடி கொளுத்துகிறார்கள், பாட்டை ஒருவரும் கேட்பதாகத் தெரியவில்லை. அன்றைக்கு முன்னுக்கு நின்ற ஒரு ரசிகன் மேல் துப்பிவிட்டார். தான் செய்தது தனக்கே அதிர்ச்சி. எனக்கும் இந்தச் சனத்துக்கும் இடையில் ஒரு சுவர்தான் இருக்கிறது என்ற எண்ணம் அதற்குப் பிறகு வந்ததுதான். நீர் கவலைப்படுகிற அதே தூரம்தான். மேடையில் நின்ற ஆளுக்கும் அது தாங்கமுடியாமல் இருந்திருக்கிறது.

இரண்டாம் பாதி தொடங்கியபோது அவர்கள் சுவருக்குப் பின்னால் நின்று வாசித்தார்கள். ஒருவரையும் காணவில்லை. முன் வரிசையில் கன காசு கொடுத்து இருந்தவரும் நானும் அந்த நேரம் ஒன்று, இரண்டு பேருக்கும் தெரிந்தது சுவர் மட்டும்தான். எனக்கு அது ஊர் விறாந்தையில் கேட்ட மாதிரியே, முகம் இல்லாத பாட்டு. ஆனால் இப்போது அந்த ஆட்கள் அதே கூரைக்குக் கீழே நிற்கிறார்கள். தாழ்ந்த சுரம் வரும்போது கதிரையின் கால் அதிர்ந்து முதுகுக்கு ஏறியது. பிறகு சுவரின் உச்சியில் திடீரென்று டேவிட் கில்மோர். அவருக்குப் பின்னால் இருந்து வெளிச்சம் எங்கள் கண்ணுக்குள் அடிக்க, அந்த உயரத்தில் தனியே நின்று கிற்றார் வாசித்தார். அதை எழுத எனக்குத் தமிழ் போதாது. கடைசியில் சுவர் முழுவதும் இடிந்து விழுந்தது. அந்தக் குவியலுக்கு முன்னால் அவர்கள் சின்னச் சின்ன வாத்தியங்களோடு நடந்து வந்து, மெல்லிதாக ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போனார்கள்.

அந்தச் சுவரைக் கொண்டு உலகம் சுற்ற முடியவில்லை, அவ்வளவு செலவு. லொஸ் ஏஞ்சல்ஸ், நியூயோர்க் பக்கம், லண்டன், ஜேர்மனியில் டோர்ட்முண்ட். அவ்வளவுதான். குழுவுக்கு நட்டம். கீபோர்ட் வாசித்த றிச்சர்ட் றைற்றை அதற்கு முன்னமே குழுவில் இருந்து விலக்கியிருந்தார்கள், சம்பளத்துக்கு வந்து வாசித்தார். அதனால் அந்தச் சுற்றில் கையில் காசு மிஞ்சியது அவருக்கு மட்டும்தான். பின்னுக்கு இருந்த எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. நான்கு பேரும் ஒன்று என்றே நினைத்துக் கைதட்டினோம்.

இனி வெம்ப்ளி. உமக்கு வெம்ப்ளி என்றால் ஈலிங் றோட்டில் மரக்கறி வாங்கப் போகிற இடம். நீர் போகப்போகும் ஸ்ரேடியம் 2007 இல் திறந்தது. அதே இடத்தில் இரட்டைக் கோபுரத்தோடு நின்ற பழைய ஸ்ரேடியத்தில்தான் 1985 யூலை 13, சனிக்கிழமை, லைவ் எயிட் என்ற உதவிக் கச்சேரி நடந்தது.

அந்தக் கிழமை முழுக்கத் திம்புவில் இலங்கை அரசுக்கும் எங்கள் இயக்கங்களுக்கும் பேச்சுவார்த்தை. எங்கள் அறையில் இருந்த பெடியள் பிபிசி தமிழோசைக்குக் காது கொடுத்தபடி. 83 யூலைக் கலவரத்துக்குப் பிறகு ஊர்க் கடிதம் எதையும் பயந்து பயந்துதான் உடைப்போம். நான் இரவு பெற்றோல் நிலையத்தில் வேலை முடித்துவிட்டு நேரே அங்கே போனேன். ரிக்கெற் 25 பவுண்: ஐந்து பவுண் ரிக்கெற்றுக்கு, 20 பவுண் எதியோப்பியாவில் பஞ்சத்தில் வாடிய சனத்துக்கு. "ஊர் எரியுது, உனக்குப் பாட்டா?" என்று ஒருவன் கேட்டான். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனாலும் தங்களுக்கு முகம் தெரியாத ஒரு நாட்டுச் சனத்தின் பசிக்காக 72,000 பேர் வெயிலில் வந்து நின்றதை என் கண்ணால் கண்டது, அந்த வருசங்களில் எனக்குக் கிடைத்த பெரிய ஆறுதல்.

பகல் பன்னிரண்டு மணிக்கு ஸ்ரேற்றஸ் குவோ தொடங்கி வைத்தார்கள். மேடை சுழலும் மேடை, ஒரு குழு வாசிக்கும்போதே பின்பக்கத்தில் அடுத்த குழுவுக்கு ஆயத்தம் நடக்கும். ஒரு குழுவுக்கு ஏறக்குறைய இருபது நிமிடம். நேரம் முடிந்தால் வீதிச் சந்தியில் எரிகிற மாதிரிச் சிவப்பு விளக்கு எரியும். நல்ல குழுக்கள் கன பேர் வந்தார்கள், எல்லாவற்றையும் எழுதப் போவதில்லை.

மாலை ஆறே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னம் குயீன் வந்தது. நல்ல பகல் வெளிச்சம், அவர்கள் வழமையாகக் கொண்டு திரியும் விளக்குகளுக்கு அங்கே வேலையே இல்லை. பிரெடி மேர்க்குரி ஒரு வெள்ளை பெனியன், வெளிறின ஜீன்ஸ், கையில் பாதிக் கம்போடு மைக். வந்தது குயீனுக்கென்று சேர்ந்த கூட்டமும் இல்லை. முதலில் பியானோவில் இருந்தார். 'றேடியோ கா கா' தொடங்கியதும் எழும்பி முன்னுக்கு வந்தார். அந்தப் பாட்டில் இரண்டு கைதட்டு வரும் இடம் உமக்குத் தெரியும். நான் நின்றது ஸ்ரேடியத்தின் மற்ற அந்தத்தில். அத்தனை கையும் ஒன்றாக மேலே போனது. ஆனால் முன்னுக்கு நின்றவர்கள் தட்டியது எனக்கு முதலில் தெரிந்தது, பிறகுதான் கேட்டது. ஒலி நூறு மீற்றர் வர ஏறக்குறைய மூன்றில் ஒரு செக்கன் எடுக்கும். அதனால் மேடைப் பக்கத்தில் தொடங்கிய தட்டு, வயலில் காற்றுப் போவது போல எங்கள் பக்கம் ஓடி வந்து எங்கள் கைகளில் முடிந்தது. மேடைக்குக் கிட்ட நின்றவனுக்கு அது தெரிந்திருக்காது, அவன் பார்த்தது பிரெடியை. பின்னுக்கு நின்ற எங்களுக்குத்தான் முழுவதும் தெரிந்தது.

பிறகு அவர் வாத்தியம் ஒன்றும் இல்லாமல் குரலால் மட்டும் ஒரு வரி எறிவார், நாங்கள் திருப்பிப் பாட வேண்டும். அவர் நீட்ட நாங்களும் நீட்ட, ஒரு இடத்தில் எங்களால் முடியாமல் போனது. அவர் சிரித்ததை அவ்வளவு தூரத்தில் நான் காணவில்லை, குரலில் கேட்டேன்.

அவர் சன்சிபாரில் பிறந்த பார்சிப் பிள்ளை என்பதும், பம்பாய்ப் பக்கம் பஞ்ச்கனியில் விடுதிப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்பதும், சன்சிபாரில் புரட்சி வந்தபோது 1964 இல் குடும்பத்தோடு தப்பி வந்து ஃபெல்தமில் குடியேறியவர் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. ஹீத்ரோவுக்குப் பக்கத்தில் உள்ள ஃபெல்தம்தான். எங்கள் அறைப் பெடியள் அகதி விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்த அந்த நாளிலேயே இதை அறிந்திருந்தால், அவர்களையும் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.

அவருக்குப் பிறகு டேவிட் போவி. அவர் தன்னுடைய ஒரு பாட்டை விட்டுக்கொடுத்து, அந்த நேரத்துக்குப் பஞ்சத்தில் வாடிய பிள்ளைகளின் படத்தைத் திரையில் போட வைத்தார். இரவு போல் மக்கார்ட்னி பியானோவில் இருந்து 'லெற் இற் பீ' தொடங்கினார், மைக் வேலை செய்யவில்லை. வாய் அசைகிறது, குரல் இல்லை. ஸ்ரேடியம் அந்தப் பாட்டைத் தானே எடுத்துப் பாடியது. இரண்டு நிமிடம் போல. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர், அவருக்குச் சுருதி கொஞ்சமும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு உரத்துப் பாடினார். மைக் திரும்பி வந்தபோது எனக்கு அவருடைய குரல் நின்றுவிட்டதே என்றுதான் கவலை. இதை நீர் யூரியூப்பில் பார்க்கலாம். அந்தக் கிழவர் அதில் இல்லை.

2005 யூலை 2, ஹைட் பார்க். லைவ் எயிட் மாதிரி இன்னொரு பெரிய கச்சேரி, பெயர் லைவ் 8. ரிக்கெற்றுக்குக் காசு இல்லை, போனில் எஸ்எம்எஸ் அனுப்பிக் குலுக்கலில் விழ வேண்டும். எனக்கு விழுந்தது. மாமியையும் கூட்டிக்கொண்டு போனேன். அவவுக்கு இந்தப் பாட்டுகள் பிடிக்காது, எனக்காக வந்தா. இரவு பதினொரு மணியளவில் பிங்க் ஃபுளொயிட், நான்கு பேரும். 1981 இல் ஏர்ல்ஸ் கோர்ட்டில் அந்தச் சுவர் கடைசியாக விழுந்த பிறகு நான்கு பேரும் ஒரு மேடையில் ஏறவேயில்லை. இடையில் வழக்கு, கோபம், பேச்சில்லை. நாங்கள் நின்ற இடத்தில் இருந்து மேடை ஒரு வெளிச்சப் புள்ளி. ஆனால் கில்மோர் முதல் சுரம் தொட்டதுமே ஆள் அவர்தான் என்று எனக்குத் தெரிந்தது. கடைசியில் வோற்றர்ஸ் கையால் கூப்பிட்டு நான்கு பேரும் தோளில் கை போட்டு நின்றதைத் திரையில்தான் பார்த்தேன். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டா. றிச்சர்ட் றைற் 2008 இல் போய்விட்டார். அதோடு அந்த நான்கு பேர் என்பது முடிந்தது.

இதுதான் பிள்ளை நான் சொல்ல வந்தது. ஏசி/டிசி ஆட்களுக்கும் வயசு போகிறது. பாடகர் பிறையன் ஜோன்சனுக்கு 76, கிற்றார் வாசிக்கும் அங்கஸுக்கு 69. அங்கஸின் அண்ணன் மல்கம் யங் 2017 இல் இறந்துவிட்டார். அவருடைய இடத்தில் வாசிப்பவர் அவர்களுடைய அண்ணனின் மகன் ஸ்ரீவி யங். ஆசனம் எங்கே என்று பார்த்துக்கொண்டிருக்கிற நேரம் இது இல்லை. அவர்கள் வாசிக்கிற காற்றும் நீர் மூச்சு விடுகிற காற்றும் அன்றைக்கு ஒன்று. மேல் தட்டில் இருந்தாலும் உமது நெஞ்செலும்பில் வந்து அடிக்கும், போன் திரையில் அது வராது.

சில விசயங்கள். காதுக்கு அடைப்பான் கட்டாயம் வாங்கும். 2016 இல் ஜோன்சன் சுற்றுப்பயணத்தைப் பாதியில் விட்டதே, இனியும் பாடினால் முழுதாகக் காது கேளாமல் போகலாம் என்று வைத்தியர்கள் சொன்னதால்தான். நல்ல அடைப்பான் சத்தத்தைக் குறைக்கும், பாட்டைக் கெடுக்காது. ஒரு பாட்டையாவது போனை எடுக்காமல் பாரும். அங்கஸ் பள்ளிக்கூடச் சீருடையில் மேடை முழுக்க ஓடுவதைப் பார்க்க மேல் தட்டுத்தான் வாய்ப்பு, கீழே நிற்பவனுக்கு முன்னால் ஆளின் தலைதான் தெரியும்.

அடுத்த நாள் தேர்தல், வோட்டுப் போட லெஸ்ரருக்குத் திரும்ப வேணும் என்றீர். இரவு இங்கே தங்கிக் காலமை முதல் ரெயினில் போகலாம். வெம்ப்ளி பார்க்கில் மெற்றோபொலிற்றன் ரெயின் எடுத்தால் ஹரோ கிட்டத்தான், நான் ஸ்ரேசனில் நிற்பேன். ஸ்ரேசன் வாசலில் கூட்டம் பயங்கரமாக இருக்கும். அதற்குப் பயந்து முதலே எழும்பி வர வேண்டாம். அவர்கள் வழமையாகக் கடைசிப் பாட்டில்தான் பீரங்கி வெடிப்பார்கள். எவ்வளவு பிந்தினாலும் பரவாயில்லை, மாமி இடியப்பமும் சொதியும் வைத்திருப்பா.

அன்புடன்,
மாமா