வார்டுத் தமிழ்: சில குறிப்புகள்

காட்பாடி ஜங்ஷன். வேலூர் மருத்துவமனைக்கு இங்கேதான் இறங்க வேண்டும். ஹவுரா பக்கத்து ரயில் வந்து நிற்கிறது. பெட்டி படுக்கையை விட அதிகம் தெரிவது எக்ஸ்ரே கவர்.

கவரை மடக்காமல், வெயில் படாமல், மார்போடு அணைத்துக்கொண்டு இறங்குகிறவர்கள் ஏற்கெனவே வந்துபோனவர்கள். சுருட்டிக் கக்கத்தில் வைத்திருப்பவர்கள் புதுசு.

ஆட்டோக்காரர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. புதுசைப் பார்த்துத்தான் முதலில் போகிறார்கள்.

வங்காளம் பேசுகிறார் ஆட்டோக்காரர். வேலூர்க்காரர், படிப்பு எட்டாவது. இலக்கணம் எப்படியோ, எண்கள் சுத்தம். "நூற்றைம்பது", "இருநூறு", "எத்தனையாவது மாடி". இதய நோய்ப் பிரிவு, சிறுநீரகப் பிரிவு எல்லாம் வங்காளத்தில் வருகிறது. தமிழில் அதற்கு என்ன என்று கேட்டேன். "கார்டியாலஜி, நெப்ராலஜி" என்றார்.

வேலூர் காந்தி ரோடு. லாட்ஜ் போர்டில் வங்க எழுத்து, இந்தி, ஆங்கிலம். தமிழ் சில போர்டுகளில் கடைசி வரி, சிலவற்றில் அதுவும் இல்லை.

கடுகெண்ணெய், பொரி, கசகசா. அடுப்போடு அறை வாடகைக்கு. குக்கர் வேண்டுமென்றால் தனி.

லாட்ஜ் பையன் ஆதார் வாங்குவதற்கு முன்னால் கேட்பது, "எந்த டாக்டர்?" இதயம், சிறுநீரகம் என்றால் கீழ்த்தளம். கண், தோல் என்றால் மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லாத லாட்ஜ். எலும்புக்கு வந்தவரை எங்கே போடுவாய்? "அவங்களுக்கு வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிற ரூம் சார். ரெண்டே ரெண்டுதான் இருக்கு."

இந்தப் பையனுக்கு யாரும் வகுப்பு எடுத்திருக்க மாட்டார்கள்.

இவர்கள் எல்லாரும் தேடி வருகிற மருத்துவமனையின் தொடக்கம், ஐடா ஸ்கடர் கதை. 1890களில், திண்டிவனத்தில் ஓர் இரவு. மூன்று வீட்டு ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டியதாகச் சொல்வார்கள். மூன்று வீட்டிலும் பிரசவச் சிக்கல். ஐடாவின் அப்பா டாக்டர். ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவருமே போய்விட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

ஐடா அமெரிக்கா போய் 1899இல் டாக்டராகித் திரும்பினார். 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கை மருத்துவமனை. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி.

எல்லாரும் சொல்லும் கதை. எனக்கு அதில் உறுத்துவது வேறு. வந்து கேட்டவர்கள் மூவரும் கணவன்மார்கள். உள்ளே படுத்திருந்தவர்களிடம் யார் கேட்டது?

ஓர் அரசு மருத்துவமனை. ஊர் வேண்டாம்.

பி.ஜி. டாக்டர், ஹரியானாக்காரர். மாநிலக் கல்லூரிகளின் முதுநிலை இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீடு. அப்படி வந்தவர். வெள்ளைக் கோட்டுப் பையில் சின்ன டைரி. தமிழ் வாக்கியங்களை நாகரி எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். எங்க வலி. எத்தனை நாளா. மூச்சு இழு. விடு. நாக்கு நீட்டு. திரும்பு. படு. எந்திரி.

எல்லாம் ஒருமை. வாத்தியார் வார்டு ஆயா. ஆயா எல்லாரையும் அப்படித்தான் சொல்லுவார். "படுடா தங்கம், ஊசி போடணும்." எழுபது வயசுக்காரரும் ஆயாவுக்குத் தங்கம்தான்.

டாக்டர் தங்கத்தை விட்டுவிட்டு "படுடா"வை எடுத்துக்கொண்டார்.

"டாக்டர் தம்பி நம்மள 'டா' போடுது" என்று ஒருவர் சிரித்தார். பக்கத்துக் கட்டிலில் ரிட்டயர்டு தலைமையாசிரியர். அவர் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் திரும்பியதைப் பார்த்த டாக்டருக்கு, தன் தமிழ் புரிகிறது என்று ஒரே சந்தோஷம்.

யாராவது சொல்ல வேண்டும். சிஸ்டர் சொல்லலாம். சிஸ்டருக்கு அறுபது கட்டில்.

கேள்வி டைரியில் இருக்கிறது. பதில் இல்லை. "வலின்னு சொல்ல முடியாதுங்க, ஒரு மாதிரி பிசையுது, அப்புறம் சுருக்குங்குது, முதுகுப் பக்கம் இழுத்துக்கிட்டுப் போவுது." டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் சொன்னது: "அப்டாமன் பெயின்."

முதுகுக்குப் போனது கேஸ் ஷீட்டில் ஏறவில்லை. முதுகுக்குப் போகிற வயிற்று வலி என்றால் கணையத்தைச் சந்தேகப்பட வேண்டும் என்பது இறுதியாண்டு மாணவருக்கே தெரியும். நல்லவேளை, மாலை ரவுண்டில் பெரிய டாக்டர் மறுபடி கேட்டார். தென்காசிக்காரர்.

2019இலிருந்து எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் 'ஏட்காம்' என்று ஒன்று. மனப்பான்மை, அறம், பேச்சு. முதல் வருஷத் தொடக்கத்தில் அடிப்படைப் பயிற்சி, அதில் வட்டார மொழியும் உண்டு. நல்ல விஷயம்.

ஒரு வகுப்பைப் பார்த்தேன். கெட்ட செய்தியை நோயாளியிடம் எப்படிச் சொல்வது. நோயாளியாக நடித்தது இன்னொரு மாணவி. அழகாக அழுதாள். ஆங்கிலத்தில்.

தனியார் மருத்துவமனை, பெரியது. ஏசி ஹால். திரையில் பெயர் வருகிறது, ஸ்பீக்கரும் கூப்பிடுகிறது. "முருகேசன்." யாரும் எழவில்லை. "முருகேசன்." மூன்றாவது தடவை ஒருவர் தயங்கி எழுந்தார். அவர் பெயர் செல்வம். முருகேசன் அவர் அப்பா, இறந்து வருஷமாகிவிட்டது. கம்ப்யூட்டரில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி. திரை காட்டுவது கடைசிப் பெட்டியை.

"யாரோ நம்ம அப்பா பேர்ல இருக்காருன்னு பார்த்துட்டு இருந்தேன்" என்றார்.

அடுத்து "தேவி". பீகார்ப் பெண்கள் நாலு பேர் எழுந்தார்கள்.

கட்டை விரல் ரேகை வாங்கும் கவுண்டர். மை துடைக்கத் துணி கிடையாது. இடுப்பு உயரத்தில் சுவர் முழுக்க ஊதாக் கோடு. வருஷா வருஷம் வெள்ளையடிப்பார்கள் போல. அடியில் பழைய கோடுகள் மங்கலாக.

ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் நாலு பக்கம். ரேகை நாலாவது பக்கத்தில்.

திருப்பூர். சின்ன கிளினிக். ஒடிசாப் பையன், தையல் மிஷின் ஊசி ஆள்காட்டி விரலில் ஏறி இறங்கிவிட்டது. கூட வந்தவர் லேபர் ஏஜென்ட். அவர்தான் மொழிபெயர்ப்பு.

பையன் ஏழெட்டு வாக்கியம் பேசுகிறான். கையைத் தூக்கி முழங்கை வரை காட்டுகிறான்.

ஏஜென்ட்: "ஒண்ணுமில்ல டாக்டர். லேசா வலி இருக்காம். நாளைக்கு ஷிப்ட் போலாமான்னு கேக்குறான்."

டாக்டருக்கு ஒடியா தெரியாது. முழங்கை தெரிந்தது. அமுக்கிப் பார்த்தார். பையன் கத்தினான். அதை ஏஜென்ட் மொழிபெயர்க்கவில்லை.

அதே ஊர். மகப்பேறு ஓ.பி. ஒடியா அம்மா, பத்து வயது மகள். மகள் மாநகராட்சிப் பள்ளி, தமிழ் மீடியம். நல்ல கொங்குத் தமிழ். அதனால் அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு.

"கடைசியா எப்ப குளிச்சாங்கன்னு கேளு பாப்பா."

பாப்பா: "இன்னைக்குக் காலையிலங்க."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. பாப்பாவை வெளியே தண்ணீர் குடிக்க அனுப்பினார். சுவரிலிருந்து மாதக் காலண்டரைக் கழற்றி மேஜையில் போட்டார். தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார், பிறகு தேதிகளை. அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். விரல் அமாவாசைக் கட்டத்துக்குப் போய், அங்கிருந்து நாலு கட்டம் தள்ளி நின்றது.

காலண்டர் ஒரு நகைக் கடையுடையது. அந்த மேஜையில் அது கிழிந்து கிழிந்து ஓரமெல்லாம் செலோடேப்.

அமெரிக்க மருத்துவமனைகளில் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்றது 2016 விதி, உயிர் போகிற அவசரம் தவிர. அதற்கும் முன்னால் 2000இல் கிளிண்டனின் உத்தரவு, எண் 13166: ஆங்கிலம் சரியாக வராதவர்களுக்கும் அரசுச் சேவை புரியும்படி கிடைக்க வேண்டும். 2025 மார்ச்சில் டிரம்ப் அதை ரத்து செய்தார். ஆங்கிலமே ஆட்சிமொழி என்ற அதே உத்தரவில்.

நியூஜெர்சி அத்தை. முழங்கால் ஆபரேஷன். மருத்துவமனை போனில் தமிழ் ஆள் பிடித்துக் கொடுத்தது. வந்தது யாழ்ப்பாணத் தமிழ். "எவடத்தில நோகுது அம்மா?" அத்தைக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் ஊருக்கு போன் போட்டு எல்லாரிடமும் சொன்னாள்: "என்ன மரியாதைடி அந்தப் பொண்ணுக்கு."

முழங்கால் பற்றி அத்தை ஒன்றும் சொல்லவில்லை.

இலங்கை. சிங்களம் மட்டும் சட்டம் 1956. தமிழும் ஆட்சிமொழி என்று 13ஆம் திருத்தம் சொன்னது 1987. பிற்பாடு மொழி உரிமை மீறலுக்குப் புகார் சொல்ல அமைச்சகம் ஒரு தொலைபேசி எண் வைத்தது. எண் 1956.

யார் தேர்ந்தெடுத்தார்கள்? வேண்டுமென்றேவா, மிச்சமிருந்த எண்ணா?

கூடலூர். ஆதிவாசி மருத்துவமனை. பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், இருளர். ஒவ்வொருவருக்கும் தனிப் பேச்சு. 1990 வாக்கில் தொடங்கிய வேலை. அந்தச் சமூகங்களிலிருந்தே பெண்களை எடுத்து நர்ஸ் ஆக்கினார்கள். தருமபுரிப் பக்கம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்லிங்கியில் ரெஜி, லலிதா என்ற டாக்டர் தம்பதி 1993இல் ஒரு குடிசையில் ஆரம்பித்ததும் இதே வழிதான்.

மலை ஊர்களில் நர்ஸைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, "நீ யார் மக?" பதில் கிடைத்த பிறகுதான் எங்கே வலி என்று சொல்கிறார்கள். நகரத்துக்காரனுக்கு இது நேர விரயம். அந்த ஐந்து நிமிஷத்துக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

மாத்திரைக் கவர். சூரியன், பாதிச் சூரியன், நிலா. அல்லது 1-0-1. சில மருந்தகங்களில் கத்தரிக்கோலால் அடையாளம்: காலை மாத்திரைக்கு ஒரு வெட்டு, இரவுக்கு இரண்டு. நல்ல ஏற்பாடு, யார் கண்டுபிடித்தார்களோ.

'சாப்பாட்டுக்கு அப்புறம்' என்று சொன்ன மாத்திரையைப் பாட்டி மதியம் போட்டுக்கொண்டாள். காலையில் அவள் சாப்பிட்டது இட்லி. இட்லி டிபன்.

மாத்திரை அட்டையின் முதுகில் சிவப்புக் கோடு. டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்காதே என்று அர்த்தம். 2016இல் மத்திய அரசு பிரசாரமே செய்தது. எழுத்தே வேண்டாத அடையாளம். கடைக்காரரிடம் காட்டி என்ன இது என்றேன். "அது கம்பெனி டிசைன் சார்."

ரம்ஜான் மாதம். ஆம்பூர் பக்கம். உருது பேசும் வீடு, பல தலைமுறையாக இங்கேயே. சர்க்கரைக்கார அம்மா, நோன்பு விடமாட்டேன் என்கிறார். டாக்டர் விடச் சொல்லவில்லை. இன்சுலின் அளவைக் குறைத்து, நேரத்தை மாற்றி, எப்போது மயக்கம் வந்தால் நோன்பை முறித்தே ஆக வேண்டும் என்று மருமகளிடமும் சொன்னார். மருந்துச்சீட்டு அச்சடிக்கும் மிஷினில் காலை, மதியம், இரவு மூன்றுதான். பேனாவில் அடித்துவிட்டு 'நோன்பு திறந்ததும்' என்று எழுதிக் கொடுத்தார்.

மருந்தகப் பையன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கம்ப்யூட்டரில் ஏற்ற முடியவில்லை. 'இரவு' என்று போட்டான்.

2020. காது கேளாதவர். டாக்டர் வாயில் முகக்கவசம். உதடு தெரியவில்லை. எழுதிக் காட்டினார் டாக்டர். எழுத்து டாக்டர் எழுத்து.

2024 ஆகஸ்டுக்குப் பிறகு வங்கதேச நோயாளிகளுக்கு இந்திய விசா சுருங்கியது. வேலூர் காந்தி ரோட்டில் குக்கர்கள் கவிழ்த்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். லாட்ஜ் பையன் இப்போது அசாமியா கற்றுக்கொள்கிறான். வங்காளம் தெரிந்தால் பாதி வந்துவிடுமாம்.

கிருஷ்ணகிரி எல்லை. மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் தொடங்கியது இந்த மாவட்டத்தில்தான். வீட்டுக்கே வந்து பி.பி., சர்க்கரை மாத்திரை.

பை மாட்டிய பெண், அதே கிராமத்துக்காரி. முதல் வீட்டில் தெலுங்கு. எதிர் வீட்டில் கன்னடம். டேங்க் பக்கத்து வீட்டில் தமிழ். மொழி மாறுவது அவளுக்கே தெரிவதில்லை. போனில் மேலதிகாரி கேட்கும்போது மட்டும் கொஞ்சம் திக்குகிறாள்.

அச்சடித்த உணவுத் தாள்: இரவு, சப்பாத்தி 2, எண்ணெய் இல்லாமல். தெலுங்கு வீட்டு அவ்வாவிடம் சப்பாத்திக் கல்லே கிடையாது. மூன்று வேளையும் கேழ்வரகுக் களி.

"எத்தனை உருண்டை அவ்வா?"

"ரெண்டு."

"எவ்வளவு பெருசு?"

அவ்வா இரண்டு கையையும் குவித்துக் காட்டினார்.

"அது நாலு உருண்டை. இனிமே ராத்திரிக்கு இந்த மாதிரி ஒண்ணு." தன் ஒரு கையை மூடிக் காட்டினாள்.

"ஒண்ணரை."

"ஒண்ணு."

"ஒண்ணரை. கீரை நிறையப் போட்டுக்கறேன்."

தாளில் சப்பாத்தியை அடித்துவிட்டு, களி 1½, கீரை என்று எழுதினாள். பி.பி. மிஷினை எடுத்து, அவ்வாவின் கையில் சுற்றினாள்.