புல்வெட்டியும் வள்ளமும்

நெய்வேலியில் வாழ்வோர்க்கு எந்திரம் அந்நியமன்று. 1957-இல் முதற் சுரங்கம் தோண்டத் தொடங்கிய காலந்தொட்டு, பூமியினடியில் அழுத்தத்துடன் நிற்கும் நீரை இரவும் பகலும் இறைத்தால்தான் இங்கே பழுப்பு நிலக்கரியை வெட்டியெடுக்க இயலும். எந்திர ஓசையே எங்களுக்குத் தாலாட்டு. ஆகவே இவ்வூரில் பழைய எந்திரத்தை எவரும் எளிதில் எறிந்துவிடுவதில்லை. அதற்கு இன்னொரு பயன் உண்டா என்றே பார்ப்பர்.

சகோதரர் இருவராகிய நாங்களும் அப்படித்தான் ஒரு பழைய புல்வெட்டும் எந்திரத்தை வாங்கினோம். மூன்றரைக் குதிரைத்திறன் கொண்ட பெட்ரோல் எஞ்சின் அது. பரங்கிப்பேட்டையருகே வெள்ளாற்றுக் கழிமுகத்தில் வலை வீசிப் பிழைப்பவர் எங்கள் தாய்மாமன். வயது ஏறத் தோள்மூட்டு நொந்துவிட்டது. நீர் வற்றும் வேளையில் ஆறு கடலை நோக்கி இழுக்கும். அதை எதிர்த்துத் துடுப்புப்போட அவரால் இயலவில்லை. புதிய அவுட்போர்டு மோட்டார் வாங்க வசதியுமில்லை.

புல்வெட்டியில் கத்தி அடியில் சுழல்வதால் அதன் தண்டு கீழ்நோக்கி நிற்கும். அவுட்போர்டு மோட்டாரிலும் அவ்வாறே. ஆகவே கடலூர் முதுநகரில் பழம்பொருள் வணிகரிடம் கிடைத்த ஒரு மோட்டாரின் கீழ்ப்பகுதியை வாங்கி, அதன்மீது எங்கள் எஞ்சினைப் பொருத்தினோம்.

பொருத்துவது எளிது, பழக்குவதே கடினம். கத்தியைக் கழற்றியதும், கயிற்றை இழுக்கும்போதெல்லாம் அது கையை உதறியது. சுழலும் கத்தியின் கனமே அந்த எஞ்சினைச் சீராக ஓடச் செய்திருந்தது. இணைப்பில் கனமான இரும்பு வளையம் ஒன்றைச் சேர்த்த பின்னரே அடங்கிற்று. விசிறி பெரிதானால் எஞ்சின் திணறும். சிறிதானால் வீணே அலறும். இரண்டு விசிறிகளை மாற்றிப் பார்த்து, மூன்றாவதில் நிறைவு கண்டோம். காற்றினால் குளிரும் எஞ்சினாதலால், மழைக்கு அஞ்சி மூடிவைத்து ஓட்டலாகாது. அடியில் எண்ணெய் தேங்கும் நாற்சுழற்சி எஞ்சினாதலால், மணல்திட்டு வந்தால் மற்ற மோட்டார்களைப்போல் சாய்த்துத் தூக்கவும் ஆகாது.

யாவற்றிலும் பெரிய குறை ஒன்றிருந்தது. எஞ்சினை ஓடவிட்டபடி விசிறியை மட்டும் நிறுத்த வழியில்லை. கயிற்றை இழுத்தவுடனே வள்ளம் பாயும். ஓட்டுபவர் தவறி விழுந்தால் அவரை விட்டுவிட்டு ஓடும். ஆகவே மணிக்கட்டில் கட்டிய கயிறு இழுபட்டால் எஞ்சின் அணைந்துவிடும்படி ஒரு சுவிட்சு வைத்தோம்.

மாமா ஆற்றில் ஓட்டிப் பார்த்தார். மகிழ்ச்சி தாளவில்லை. "மாப்பிள்ளைகளா, நாளை முகத்துவாரம் தாண்டிக் கடலுக்கே போய் வருகிறேன்" என்றார். அத்தையின் முகம் வெளிறிவிட்டது. நாங்கள் மறுத்தோம். "இது ஆற்றுக்குச் செய்தது, மாமா. அலையில் நனைந்து நின்றுவிட்டால் உங்கள் தோள் உங்களைக் கரை சேர்க்காது" என்றோம். "தரும்போதே கையைக் கட்டித் தருகிறீர்களே" என்று வருந்தி, இரண்டு வாரம் எங்களோடு பேசவில்லை. பின்னர் அத்தைதான் சொல்லியனுப்பினார்: மாமா துடுப்பையும் உயிர்காப்பு மேலங்கியையும் வள்ளத்திலேயே வைத்துக்கொண்டு, ஆற்றோடு நின்று தொழில் செய்கிறாராம்.

கடலுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். 1980-களில் குமரி மாவட்டத்து முட்டத்தில், பெல்ஜியம் நாட்டவரான பியேர் ஜில்லே மீனவரோடு கலந்து ஒட்டுப்பலகைப் படகுகளை வடிவமைத்தார். மோட்டாரையும் அலையையும் மனத்திற்கொண்டே அவை உருவாயின. அந்த உழைப்புக்குப் பதிலாக எங்கள் புல்வெட்டியை நிறுத்த முடியுமா?

அன்பு வாசகர்களே, பிறர்க்கு உதவும்போது அவர் கேட்பதையெல்லாம் கொடுத்துவிடுவதே அன்பு என்று எண்ணுகிறோம். வீட்டில் பிள்ளை வண்டி கேட்கும்போதும் இவ்வாறே மனம் இளகுகிறது. கொடுக்கும் பொருளின் எல்லை கொடுப்பவர்க்கே தெரியும். அதை மறைக்காமல் சொல்வதும் கொடையில் ஒரு பகுதியே. ஆண்டவர் புனித இராயப்பரை அலைமீது நடந்துவர அழைத்தார். அவர் மூழ்கத் தொடங்கியபோது கைநீட்டிப் பிடித்துக்கொண்டார். அவ்வாறு பிடிக்க எங்கள் கை கடல்வரை நீளாது. ஆகவேதான், மாமா வருந்தினாலும் பரவாயில்லை என்று, ஆற்றோடு நிறுத்தச் சொன்னோம்.