ஏழு பலகாரம்... ஒரு அம்மா!

ஹாஸ்டல் பார்ட்டியா நீங்க? அப்போ இந்த சீன் உங்களுக்கும் பழக்கம்தான். 60 நாள் முன்னாடியே காலை 8 மணிக்கு கம்ப்யூட்டர் முன்னால் தவம் கிடந்து, தீபாவளிக்கு ரயில் டிக்கெட் எடுப்பீங்க. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் பையைப் போட்டுட்டு நேரா அடுப்படி. எந்த டப்பாவுல என்ன பலகாரம்னு ஒரு ரெய்டு! நானும் அந்த ஜாதிதான் பாஸ்.

ரெண்டு வருஷத்துக்கு முந்தைய தீபாவளி. மதுரையில் எங்க வீடு. மதியம் மணி ஒன்று. டி.வி-யில் சிறப்பு நிகழ்ச்சி ஓடுது. பசி தாங்காமல் அம்மாவைத் தேடிப் போனேன். முறுக்கு உழக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். புதுப்புடவை பிரிக்காமலே கிடந்தது. கையில் எண்ணெய் தெறித்த கொப்புளம்.

"எப்பம்மா பட்டுச்சு?"

"நீ வந்த அன்னிக்குடா."

மூணு நாளா அந்தக் கை பரிமாறினதைத்தான் தின்னிருக்கேன். கண்ணுலயே படலை! எந்த அரியரும் என்னை இப்படிக் குத்தினதில்லை.

அதிரசம், முறுக்கு, சீடை, மிக்ஸர், லட்டு, மைசூர்பாகு, குலாப் ஜாமூன்... மொத்தம் ஏழு. அதிரசத்துக்கு மட்டுமே அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் போவதற்குள் மாவாக்கி, வெல்லப்பாகில் கிளறி, ஓரிரு நாள் வைத்திருந்து, அப்புறம்தான் எண்ணெய்ச்சட்டி. இதுக்கு நடுவுல வீடு ஒட்டடை, விளக்குத்தூண் நெரிசலில் துணி எடுக்கிறது. அப்பாவுக்கோ வருஷா வருஷம் கைமாத்து டென்ஷன்.

அடுத்த வருஷம், "எதுவும் செய்யாதம்மா, கடையில வாங்கிக்கலாம்"னு பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். விழுந்தது டோஸ்!

"பக்கத்து பாய் வீட்ல ரம்ஜானுக்கு அவங்க கையால செஞ்ச பிரியாணி வருது. நான் கடை டப்பாவையா நீட்டுறது? அதிரசம் எங்கம்மா கத்துக்கொடுத்ததுடா. அதை விடமாட்டேன்."

அப்பத்தான் மண்டையில பல்பு எரிஞ்சுது. எதைக் குறைக்கணும்னு நான் முடிவு பண்றது எளிமை இல்லை. அது இன்னொரு நாட்டாமை. ஒரு பேப்பரை நடுவுல வெச்சோம். 'இது இல்லேன்னா எனக்குத் தீபாவளியே இல்லை'ங்கிற ஒண்ணே ஒண்ணை ஆளுக்கொருத்தர் எழுதணும். அம்மா, அதிரசம். அப்பா, முறுக்கு. தங்கச்சி, எல்லாருக்கும் புதுத்துணி. நான், பட்டாசு. 2018-லிருந்து தமிழ்நாட்டில் வெடிக்கக் கொடுப்பதே காலை ஒரு மணி, இரவு ஒரு மணி நேரம்தானே... பாதி வாங்கினாலே போதும்! மற்றதெல்லாம் கட்.

கூடவே ஒரு ரூல்: கேட்டவங்களும் வேலை பார்க்கணும். அப்பா பிழிந்த முதல் முறுக்கு தரைச்சக்கரம் மாதிரி சுத்திக்கிட்டு வந்துச்சு. நான் பாகுப் பதத்தைக் கோட்டைவிட, அதிரசம் எண்ணெயிலேயே பிரிஞ்சு போச்சு. அம்மா சிரிச்ச சிரிப்பு இருக்கே! கைமாத்தும் அந்த வருஷம் தேவைப்படலை.

மதியம் ஒரு மணிக்கு, புதுப்புடவையோட அம்மா எங்களோட உட்கார்ந்து சாப்பிட்டாங்க. "மைசூர்பாகு மட்டும் கிண்டியிருக்கலாமோ..."ன்னு மெதுவா இழுத்தாங்க. யாராவது வாயைத் திறப்போம்?!

இந்தத் தடவை ஊருக்குப் போனதும் டப்பாவைத் திறக்கிறதுக்கு முன்னாடி, அம்மா கையை ஒரு தடவை பாருங்க பாஸ்!